கலைக்கூடத்தில் ஒளி நிறுவல்: விளக்கைக் கடைசியில் வாங்குங்கள்

உங்கள் கேள்வி மேலோட்டமாகப் பார்த்தால் கருவிகளைப் பற்றியது. மூன்று கட்டடக் கலைஞர்கள் சேர்ந்து நடத்தும் சிறிய அலுவலகம் உங்களுடையது. ஒரு கலைக்கூடம் தன் அறைகளில் ஒன்றை ஒதுக்கி, ஒளியை மட்டுமே கொண்டு ஒரு நிறுவல், அதாவது பார்ப்பவர் உள்ளே நுழைந்து அனுபவிக்கும் கலைப்படைப்பு, செய்து தரச் சொல்லியிருக்கிறது. எந்த எல்.இ.டி. வாங்குவது, எந்தக் கட்டுப்பாட்டுக் கருவி, எந்த மென்பொருள் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் "வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் விளக்கு அமைத்த அனுபவம் இதற்குப் போதுமா?" என்ற வரிதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். பாதிக்குப் போதும். மீதிப் பாதியில் உங்கள் அனுபவமே உங்களைத் தவறான பக்கம் இழுக்கும்.

நானும் கட்டடக்கலை படித்தவன்தான். பிழைப்பு விளக்கமைப்பில், பெரும்பாலும் கண்காட்சி அரங்குகளில். நம் தொழிலில் ஒளி எப்போதும் வேறொன்றுக்காக இருக்கிறது: மேசை தெரிய, படிக்கட்டு தெரிய, எதிரில் இருப்பவர் முகம் தெரிய. அதனால் "இங்கே எத்தனை லக்ஸ் (பரப்பில் விழும் ஒளியின் அளவு) வேண்டும்?" என்றே கை தானாகக் கணக்குப் போட ஆரம்பிக்கிறது. நிறுவலில் ஒளியைத் தவிரப் பார்க்க எதுவும் இல்லை. அறை எவ்வளவு இருட்டாக முடியும், ஒளி எதன் மேல் விழப்போகிறது, பார்ப்பவர் எவ்வளவு நேரம் அங்கே நிற்பார் என்ற மூன்றுக்கும் விடை தெரியாமல் விளக்குப் பட்டியலைத் திறப்பதில் பயன் இல்லை. இந்த மூன்றும் முடிவானால் விளக்கு ஏறக்குறையத் தானே முடிவாகிவிடும்.

இருட்டிலிருந்து தொடங்குங்கள். கலைக்கூடத்தில் அந்த அறையின் எல்லா விளக்குகளையும் அணைக்கச் சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கால் மணி நேரம் சும்மா உட்காருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு கதவிடுக்கில் ஒரு கோடு தெரியும். குளிர்சாதனக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒரு சிவப்புப் புள்ளி, கூரையில் புகை உணரியின் மினுக்கு, ஜன்னலை அடைத்த பலகையின் ஓரத்தில் ஒரு வெள்ளை நூல். எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியேறும் வழியைக் காட்டும் அந்தப் பச்சைப் பலகை. வரைபடத்தில் சின்னச் செவ்வகமாக இருந்தது இருட்டில் அறையையே ஆளும். அதை அணைக்கவோ மறைக்கவோ தீயணைப்பு விதிகள் பொதுவாக இடம் தருவதில்லை. உயிர்ப் பாதுகாப்பு விஷயம் என்பதால் அதில் பேரம் பேசவும் கூடாது. அது இருந்தே தீரும் என்று வைத்துக்கொண்டு வடிவமையுங்கள். பார்வையாளரின் முதுகுப் பக்கம் வரும்படி நுழைவைத் திருப்பலாம். அதன் பச்சை விழும் சுவரை மட்டும் கறுப்பாக்கலாம். இடையில் குட்டைச் சுவர் எழுப்பினால், வெளியேறுபவரின் பார்வைக் கோட்டில் அது குறுக்கே வராமல் இருக்க வேண்டும். இப்படித் தளவரைபடத்தை மாற்றிப் போடும் வேலையில் கலைஞர்களைவிட நாம் தேர்ந்தவர்கள். உங்கள் அனுபவம் போதும் என்று சொன்ன பாதி இதுதான்.

கதவு வேண்டாம். திறக்கும் ஒவ்வொரு முறையும் வெளியொளி உள்ளே பாயும். பழைய புகைப்பட இருட்டறைகளில் இருந்ததுபோல, இரண்டு திருப்பங்கள் கொண்ட குறுகிய நடை ஒன்றை அமைத்து, அதன் சுவர்களுக்கு மங்கல் கறுப்பு அடியுங்கள். இரண்டாவது திருப்பத்துக்குள் வெளியொளி செத்துவிடும். சக்கர நாற்காலி திரும்பும் அகலம் அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த நடைக்கு வேறொரு பயனும் உண்டு. நல்ல வெளிச்சத்தில் நிறம் காணும் கண்ணின் கூம்பு செல்கள் இருட்டுக்குப் பழகச் சுமார் 10 நிமிடமும், மங்கலில் பார்க்க உதவும் குச்சி செல்கள் முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். எந்தப் பார்வையாளரும் வாசலில் அவ்வளவு நேரம் காத்திருக்கமாட்டார். ஆனால் நடையில் அடர்சிவப்பு ஒளியை மட்டும் மிக மங்கலாக வைத்தால், குச்சி செல்கள் அந்த நிறத்துக்கு அநேகமாக அசைந்து கொடுப்பதில்லை என்பதால், பழகும் வேலை உள்ளே நுழைவதற்கு முன்பே தொடங்கிவிடும். இரவு வானைப் பார்ப்பவர்கள் சிவப்பு டார்ச் வைத்திருப்பதும் இதனால்தான்.

கண் பழகும் நேரத்தையே படைப்பாக்க முடியும் என்பதற்குச் சிறந்த உதாரணம் ஜப்பானின் நவோஷிமா தீவில் இருக்கிறது. ஒளியையே பொருளாக்கும் கலைஞர் ஜேம்ஸ் டரலின் படைப்பு ஒன்றுக்காகக் கட்டடக் கலைஞர் தடாவோ ஆண்டோ 1999இல் மினாமிதெரா என்ற மரக் கட்டடத்தை எழுப்பினார். உள்ளே போனால் கன்னங்கரிய இருட்டு. பல நிமிடங்கள் உட்கார்ந்த பிறகே எதிரில் மங்கலான ஒரு பரப்பு இருப்பது தெரிய வரும். அந்த ஒளி ஆரம்பத்திலிருந்தே அங்கே இருந்தது. மாறியது பார்த்தவரின் கண்தான். கட்டடக் கலைஞரின் பங்கும் கலைஞரின் பங்கும் எங்கே பிரிகின்றன என்று சொல்வது அங்கே கடினம். உங்களை அழைத்தவர்களிடம் காட்ட இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி எனக்குத் தெரியாது.

அடுத்தது, ஒளி எதன் மேல் விழுகிறது என்பது. காற்றில் போகும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. சுவரிலோ துணியிலோ தூசியிலோ மோதினால்தான் தெரியும். பள்ளிப் பாடம்தான். ஆனாலும் அந்தரத்தில் பளிச்சென்று நிற்கும் ஒளிக்கற்றைகளோடு வரும் கணினிப் படங்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். கலைஞர் ஆன்டனி மெக்கால் 1973இல் ப்ரொஜெக்டரின் ஒளியை ஒரு கூம்பாக, சிற்பமாகவே காட்டினார். அன்றைய பழைய கட்டடங்களின் தூசியும் பார்வையாளர்களின் சிகரெட் புகையும் சேர்ந்து கற்றையைத் தெரியவைத்தன. அதே படைப்பு பிற்காலத்தில் சுத்தமான அருங்காட்சியகங்களுக்குப் போனபோது பனிமூட்ட இயந்திரம் தேவைப்பட்டது. உங்களுக்கும் அந்த ஆசை வரும். வந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். ஒளியியல் முறையில் இயங்கும் புகை உணரிகள் அந்த மூட்டத்தையும் புகையென்றே எடுத்துக்கொண்டு மணியடிக்கும். உணரியை மாற்றவோ தற்காலிகமாகத் துண்டிக்கவோ உரியவர்களின் எழுத்துமூல அனுமதியும், காட்சி நேரம் முழுவதும் ஆள் காவலும் வேண்டும். மூட்டம் படிந்தால் பக்கத்து அறை ஓவியங்களுக்கு என்ன ஆகும் என்று ஓவியங்களைப் பராமரிக்கும் பிரிவினர் கேட்பார்கள், நியாயமான கேள்வி. முதல் படைப்புக்கு இந்தத் தலைவலி வேண்டாம் என்பது என் கருத்து. கலைஞர் ராபர்ட் இர்வின் செய்ததுபோல மெல்லிய வலைத்துணியை இழுத்துக் கட்டினால் மூட்டம் தரும் மாயத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடும். துணி தீப்பிடிக்காத பதனம் செய்ததா என்பதற்கு மட்டும் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள்.

துணி இல்லாமல் வெறும் சுவர் என்றால் பூச்சு வேலையே படைப்பு. சுவரையொட்டி ஒரு சாண் தள்ளித் துண்டு விளக்கை (எல்.இ.டி. ஸ்ட்ரிப்) வைத்து, ஒளியைச் சுவரை உரசியபடி மேலே ஓடவிட்டுப் பாருங்கள். பகலில் கண்ணாடிபோல் இருந்த ஜிப்சம் சுவரில் இரண்டு பலகைகள் சேரும் இடம் தழும்பாகத் தெரியும். ரோலர் போன தடம் தெரியும். திருகாணிகளை மூடிய பட்டி, வரிசை வரிசையாகக் கொப்புளம்போல் எழும். பெயிண்டரோடு சண்டை போட்டுப் பயனில்லை. அவர் சாதாரண வெளிச்சத்துக்கான வேலையைச் சரியாகவே செய்திருக்கிறார். இப்படைப்புக்குச் சுவர் முழுவதும் மெல்லிய பட்டி இழுத்து, அந்த உரசும் ஒளியிலேயே தேய்க்கச் சொல்ல வேண்டும். நிதி ஒதுக்கும்போது விளக்குக்கு வைத்ததில் கணிசமான பங்கை இந்தப் பக்கம் தள்ளுங்கள். விலையுயர்ந்த விளக்கு மோசமான சுவரை இன்னும் தெளிவாக மோசமாகக் காட்டும், அவ்வளவுதான்.

மூலைகளை வளைத்து, நிழலே இல்லாமல் ஒரே சீராக ஒளியூட்டினால் அறைக்கு ஆழம் இல்லாமல் போய்விடும். சுவர் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. டரலின் பல படைப்புகள் இந்த விளைவை நம்பியே நிற்கின்றன. அழகானது, ஆபத்தானதும்கூட. நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் 1980இல் நடந்த அவருடைய கண்காட்சியில், ஒளியால் ஆன பரப்பைத் திடமான சுவர் என்று நம்பிச் சாய்ந்த ஒருவர் விழுந்து காயமடைந்தார், வழக்கும் வந்தது. அத்தகைய அறைக்குள் சிலருக்கு நிலைதடுமாறும். தரையில் காலுக்குத் தட்டுப்படும்படி ஒரு விளிம்பு, வாசலில் கைப்பிடி, உள்ளே ஒரு பணியாளர், ஒரு நேரத்தில் எத்தனை பேர் என்ற வரம்பு. இவை நான்கும் அலங்காரமல்ல.

இப்போது நீங்கள் கேட்ட கருவிகளுக்கு வருகிறேன். பிராண்டு சொல்லமாட்டேன், ஏனென்றால் சிக்கல் பிராண்டில் இல்லை. மெதுவாக மங்கும் ஒளிதான் இத்தகைய படைப்புகளில் உயிர்நாடி. மலிவான அமைப்புகள் சறுக்குவதும் அங்கேதான். டிஎம்எக்ஸ் என்ற விளக்குக் கட்டுப்பாட்டு முறையில் ஒரு தடத்துக்கு (யூனிவர்ஸ்) 512 சேனல்கள். ஒவ்வொரு சேனலிலும் 0 முதல் 255 வரை 256 படிகள். மேலே 200இலிருந்து 201க்குப் போவது யாருக்கும் தெரியாது. கீழே 1இலிருந்து 2க்குப் போனால் ஒளி ஏறக்குறைய இரட்டிக்கிறது. இருட்டறையில் அது ஒரு துள்ளலாகவே தெரியும். விளக்குத் துறையில் கையாளும் கணக்குப்படி, அளவுமானியில் 10 சதவீதமாக இருக்கும் ஒளி கண்ணுக்குச் சுமார் 32 சதவீதமாகப் படும். கண்ணுக்கு அந்த அடிமட்டம் அவ்வளவு முக்கியம். ஆகவே இரண்டு சேனல்களைச் சேர்த்து 65,536 படிகள் தரும் 16 பிட் கட்டுப்பாட்டையும், அதை உண்மையிலேயே அடிமட்டம் வரை பின்பற்றும் டிரைவரையும் (எல்.இ.டி.க்கு மின்சாரத்தை அளந்து தரும் கருவி) கேளுங்கள். கடைக்காரர் "ஜீரோ வரை மங்கும்" என்பார். உங்கள் கண்முன்னே, இருட்டில், ஒரு நிமிடத்தில் மங்கவைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

சேனல் கணக்கை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். மீட்டருக்கு 60 புள்ளிகள் உள்ள துண்டு விளக்கு 5 மீட்டர் என்றால் 300 புள்ளிகள். சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை நான்கையும் தனித்தனியாக ஆள 1,200 சேனல்கள், அதாவது மூன்று தடங்கள். 16 பிட் என்றால் சேனல்கள் இரட்டிக்கும். நீளமான துண்டுகளின் கடைசியில் வெள்ளை ஒளி சிவந்து மங்கினால் விளக்கைக் குறை சொல்லாதீர்கள். வழியில் மின்னழுத்தம் குறைகிறது. நீலத்துக்கும் பச்சைக்கும் சிவப்பைவிட அதிக அழுத்தம் வேண்டும் என்பதால் அவை முதலில் சோர்கின்றன. 12 வோல்ட்டுக்குப் பதில் 24 வோல்ட் எடுத்து, இரு முனைகளிலும் மின்சாரம் கொடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கண்ணில் படாத துடிப்பு இன்னொரு விஷயம். பெரும்பாலான எல்.இ.டி. டிம்மர்கள் ஒளியை வேகமாக அணைத்து ஏற்றியே மங்கலாக்குகின்றன. அதன் வேகம் குறைவாக இருந்தால், விளக்குக்கு முன் கையை வேகமாக வீசும்போது விரல்கள் துண்டு துண்டாகத் தெரியும். கேமராவில் கறுப்புப் பட்டைகள் விழும். சிலருக்குத் தலைவலி வரும். வேண்டுமென்றே மினுக்கும் ஒளியைத் திட்டமிட்டிருந்தால் அது வேறு தரத்து ஆபத்து. நொடிக்கு 3 முதல் 30 முறை வரையிலான மினுக்கல், குறிப்பாக 15 முதல் 25 வரை, ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களுக்குத் தூண்டுதலாகும். அடர்சிவப்பில் அபாயம் இன்னும் கூடும். வாசலில் எச்சரிக்கை எழுதி வைத்தால் போதுமென்று பலர் நினைக்கிறார்கள். தனக்கு அந்தப் பாதிப்பு இருப்பதே தெரியாதவர்களும் வருவார்கள் என்பதால் அந்த வேகங்களைத் தவிர்ப்பதே சரி.

நிறத்தைப் பற்றிப் பேசும்போது உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரித்துவைக்க வேண்டும். கண் ஒரு நிறத்தில் ஊறினால் அடுத்ததை மாற்றிப் பார்க்கும் என்பது உறுதி. சிவப்பு அறையிலிருந்து வெள்ளை அறைக்கு வந்தால் அது சிறிது நேரம் நீலப்பச்சையாகத் தெரியும். கலைஞர் கார்லோஸ் குரூஸ்-டீஸ் 1965 முதல் சிவப்பு, பச்சை, நீல அறைகளை அடுத்தடுத்து வைத்து இதையே படைப்பாக்கினார். சோடியம் விளக்குபோல ஒற்றை அலைநீளத்தில் மஞ்சளை மட்டும் உமிழும் ஒளியில் மற்ற நிறங்கள் செத்துப்போகும் என்பதும் உறுதி. கலைஞர் ஒலஃபூர் எலியாசன் 2003இல் லண்டனின் டேட் மாடர்ன் அருங்காட்சியக டர்பைன் கூடத்தில் ஒரு செயற்கைச் சூரியனை எழுப்பியபோது, கீழே படுத்துக் கிடந்தவர்கள் எல்லோரும் மஞ்சளும் கறுப்புமாகத் தெரிந்தது அதனால்தான். ஆனால் "நீலம் அமைதி தரும், சிவப்பு பதற்றம் தரும், ஆகவே எங்கள் படைப்பு மனத்தைக் குணப்படுத்தும்" என்று திட்டக் குறிப்பில் எழுதாதீர்கள். நிறத்துக்கும் மனநிலைக்கும் உள்ள தொடர்பு பழக்கத்தையும் பண்பாட்டையும் சூழலையும் பொறுத்து மாறுகிறது. பொதுவிதியாகச் சொல்லும் அளவுக்கு அதற்குச் சான்று வலுவாக இல்லை. கண்காட்சிகளைத் தொகுக்கும் க்யூரேட்டர்கள் அந்த வரியை ஆயிரம் முறை படித்து அலுத்தவர்கள்.

உணரிகள் வைத்து, ஆள் அசைந்தால் ஒளி அசையும்படி செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். செய்யலாம், கட்டடக் கலைஞர்கள் செய்தும் இருக்கிறார்கள். டோயோ இட்டோ 1986இல் யோகோஹாமாவில் ஒரு காற்றோட்டக் கோபுரத்தைத் துளையிட்ட அலுமினியத்தால் சுற்றி, காற்றுக்கும் தெருவின் சத்தத்துக்கும் ஏற்ப விளக்குகள் மாறும்படி செய்தார். சோ ஃபுஜிமோட்டோ 2016இல் மிலானில் கூரையிலிருந்து விழும் ஒளிக்கூம்புகளையே மரங்களாக்கி ஒரு காடு அமைத்தார்; ஆட்களின் நடமாட்டத்துக்கு அவை மறுமொழி சொல்லின. இரண்டிலும் இடம் பெரிது, மறுமொழி முழுச் சூழலிலும் பரவியது. சிறிய அறையில் கையை ஆட்டினால் உடனே ஒளி மாறுகிறது என்று கண்டுபிடித்ததும் பார்வையாளர் ஒளியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கையை ஆட்டத் தொடங்குவார். அது விளையாட்டுச் சாமான். மறுமொழி வேண்டுமென்றால் அது தாமதமாக வரட்டும், எதனால் மாறியது என்று தெரியாத அளவுக்கு மெல்ல. இது என் ரசனைதான், விதியல்ல. மறுப்பவர்கள் நல்ல படைப்புகளும் செய்திருக்கிறார்கள்.

மென்பொருளைப் பொறுத்தவரை, நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்தும் லக்ஸ் கணக்கீட்டு நிரலே போதும். ஆனால் அதன் படத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கண் பழகுவதையும், எதிர்நிறம் தோன்றுவதையும் திரை காட்டாது. அழுத்தமான எல்.இ.டி. நிறங்கள் பலவற்றைத் திரையால் காட்டவே முடியாது. மாதிரி செய்யுங்கள். மாதிரியைச் சிறிதாக்கினாலும் ஒளி பரவும் விதம் மாறாது என்பது நமக்குக் கிடைத்த வரம். 1:10 அட்டை மாதிரிக்கு உண்மையான பூச்சையே அடித்து, ஒரு துளை வழியே கண்ணை வைத்துப் பார்த்தால் பரப்புகளில் ஒளி பங்கிடப்படும் விதம் கிட்டத்தட்ட அப்படியே கிடைக்கும். மூட்டம், துணியின் நெசவு, உடல் நடக்கும் அனுபவம் இவை மட்டும் அதில் வராது. அதற்கு ஒரு மூலையையாவது முழு அளவில், இரவில் கட்டிப் பார்க்க வேண்டும். கட்டிய பிறகு, திட்டத்தைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரை உள்ளே விட்டு, எங்கே நிற்கிறார், எப்போது திரும்புகிறார் என்று மட்டும் கவனியுங்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள், நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்.

நம்மவர்களுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. கொடுத்த அறையை நிரப்பாவிட்டால் வேலை செய்யவில்லை என்று தோன்றும். இடது சுவரில் ஒரு யோசனை, கூரையில் இன்னொன்று, வெளியேறும் இடத்தில் மூன்றாவது; அதை விளக்க ஒரு வரைபடம். கலைஞர் டான் ஃப்ளேவின் 1963இல் கடையில் கிடைக்கும் ஒற்றைக் குழல் விளக்கை 45 பாகையில் சாய்த்துச் சுவரில் மாட்டினார். அவர் வாழ்நாள் வேலை முழுவதும் அதிலிருந்து கிளைத்தது. மூன்று பேர் சேர்ந்து செய்யும்போது மூவருக்கும் ஆளுக்கொரு யோசனை இருக்கும். இரண்டைக் கைவிடும் பேச்சை மாதிரி கட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். அது கலையா இல்லையா என்ற கவலையை விமர்சகர்களுக்கு விட்டுவிடலாம்.

சில இடங்களில் என் பேச்சை நம்பி நடக்க வேண்டாம். கூரையிலிருந்து எதைத் தொங்கவிட்டாலும் எடையைக் கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு பாதுகாப்புக் கம்பி வேண்டும். மின்சுற்றை உரிமம் பெற்றவர் செய்ய வேண்டும். லேசர் என்றால் அதற்கென்றே பயிற்சி பெற்றவர் இல்லாமல் தொடாதீர்கள். தீ விதிகள் இடத்துக்கு இடம் மாறும். இவற்றோடு, உங்களுக்கே தெரிந்திருந்தும் மறந்துவிடக்கூடிய ஒன்று: 3 கிலோவாட் விளக்கு என்பது மூடிய அறைக்குள் 3 கிலோவாட் ஹீட்டர். கூட்டத்தோடு சேர்ந்தால் குளிர்சாதனம் திணறும். அதன் காற்றாடிச் சத்தம் இருட்டில் இருமடங்காகக் கேட்கும். டிரைவர்களையும் மின்மாற்றிகளையும் அறைக்கு வெளியே வையுங்கள், அவையும் ரீங்கரிக்கும். பக்கத்து அறையில் காகித ஓவியங்கள் இருந்தால், அவற்றின் மேல் விழும் ஒளி வழக்கமாக 50 லக்ஸுக்குள் இருக்க வேண்டும். உங்கள் அறையிலிருந்து கசிவது அதில் கணக்காகும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

திறப்பு விழா முடிந்து நீங்கள் வீட்டுக்குப் போனபின் தினமும் காலையில் அதை ஏற்றப்போவது யார் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஒரே சுவிட்சில் முழுப் படைப்பும் தானாகத் தொடங்கும்படி செய்துவிட்டால் பாதித் தொலைபேசி அழைப்புகள் குறையும். துண்டு விளக்குகளை வாங்கும்போது அதே உற்பத்தித் தொகுதியிலிருந்து பத்தில் ஒரு பங்காவது கூடுதலாக வாங்கிப் பெயரெழுதிக் கலைக்கூடத்திடம் கொடுங்கள். அடுத்த தொகுதியின் வெள்ளை வேறு வெள்ளையாக இருக்கும். நடுவில் ஒரு முழம் மாற்றினாலும் எதிர்ச்சுவரிலிருந்து தெரியும். அறையின் நீள அகலத்தையும் கூரை உயரத்தையும், பக்கத்தில் என்ன காட்சி இருக்கிறது என்பதையும் எழுதினால் நுழைவு நடையை எந்தப் பக்கம் திருப்புவது என்று சேர்ந்து யோசிக்கலாம்.